பரீது தரகரின் வலது கை

சுண்டுவிரலில்தான் தொடங்குவார். இடது கையால் அதைப் பிடித்து மெல்ல நிமிர்த்துவார். நிமிர்ந்த விரல் மறுபடி மடங்குகிறதா என்று சற்றுப் பார்ப்பார். மடங்காவிட்டால் அடுத்த விரல். இப்படிப் பெருவிரல் வரைக்கும் வந்து சேர்ந்ததும், விரிந்த உள்ளங்கையைத் தொடைமேல் வைத்து, அதன்மேல் இடது கையைப் போட்டு அழுத்திக்கொள்வார். கடையம் மாட்டுச் சந்தையில், மருதமரத்து வேரில் உட்கார்ந்துகொண்டு பரீது தரகர் இந்தக் காரியத்தைச் செய்யும்போது யாரும் அவரிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. கொடுத்தாலும் பதில் வராது. முடிந்த பிறகு அவராகவே சொல்வார்: "மருமவன் இன்னைக்கி நல்ல கொணத்துல இருக்காரு."

சில நாள் வேறு மாதிரி. "மருமவன் கோவிச்சிக்கிட்டு இருக்காரு. செத்த பொறுங்க அண்ணாச்சி."

மருமகன் என்பது அவருடைய வலது கை. பக்கவாதம் வந்து போன பிறகு அதற்கு அவர் வைத்த பெயர். "மருமவன அதிகாரம் பண்ண முடியுமா? கூப்பிட்டா வருவாரு, வராமலும் இருப்பாரு. எண்ணெயத் தேச்சி, சூடாப் போட்டு, நல்ல வார்த்த சொல்லித்தான் வச்சிக்கிடணும்" என்று விளக்கமும் சொல்வார். உண்மையிலேயே அவருக்கு இரண்டு மருமகன்கள் உண்டு. இரண்டு பேரும் இந்த விளக்கத்தைக் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் சிரித்தார்.

அறுபதை நெருங்கும் வயது. நெட்டை உருவம். கட்டம் போட்ட கைலி, முழுக்கைச் சட்டை, தோளில் அகலமான ஒரு சிவப்புத் துண்டு. அந்தத் துண்டால் அவர் முகம் துடைத்து நான் பார்த்ததில்லை. வியர்வைக்கு இடுப்பில் வேறொரு துணி செருகியிருப்பார். தோள் துண்டு தொழிலுக்கு உரியது. நாவிதர் கத்தியால் காய் நறுக்க மாட்டாரே, அந்த மாதிரி.

நான் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர். சந்தை கூடும் நாளில் ஊசியும் மருந்துப் பெட்டியுமாக அங்கே நிற்பது என் உத்தியோகம். வெக்கை நோய்க்கு ஊசி போடுவதாகப் பெயர். பாதி நேரம் வேடிக்கைதான். அப்படிப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது, மாட்டுத் தரகு பேச்சுத் தொழில் இல்லை என்பது. பல்லைப் பிடித்துப் பார்ப்பதும், சுழி சரியில்லை என்று உதட்டைப் பிதுக்குவதும், "இந்த மாட்டுக்கு இந்த வெலயா, வேற ஆளப் பாரும்வே" என்று நாலடி நடந்துவிட்டுத் திரும்புவதும் சுற்றி நிற்பவர்களுக்காக. விலை பேசுவது துண்டுக்குள்ளே. தரகரும் மாட்டுக்காரரும் வலது கையைக் கோத்துக்கொள்வார்கள். மேலே துண்டு விழும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டு விரலைப் பிடித்தால் இரண்டு, கையை மொத்தமாகப் பிடித்தால் ஐந்து. அது பத்தா நூறா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரியும். பிறகு அதே கை வாங்குகிறவரின் கைக்குப் போகும். விற்றவருக்கு என்ன, வாங்கினவர் சொன்னது என்ன என்று மூன்றாம் ஆளுக்குத் தெரியாது. "படிஞ்சுது" என்று ஒருவர் சொல்லிவிட்டால் படிந்ததுதான். அதன்பிறகு நான் சொன்னது நாலு இல்லை, மூன்று என்று வாயைத் திறந்தவனுக்கு அந்த வட்டாரத்தில் எந்தச் சந்தையிலும் கை நீட்ட ஆள் கிடையாது.

நோய்க்கு முன்னால் பரீது தரகரின் சத்தம் சந்தைக்கு வெளியே ரயில் கேட் வரைக்கும் கேட்கும். கழுத்தைத் தட்டுவார், வாலைத் தூக்குவார், மாட்டுக்காரனின் பாட்டன் பெயரைச் சொல்லி உறவு கொண்டாடுவார். கை மட்டும் அமைதியாக இருக்கும். புனலூர்ப் பக்கத்திலிருந்து மாடு பிடிக்க வருகிற மலையாளத்துக்காரர்கள், வேறு தரகர் யார் கூப்பிட்டாலும் திரும்பாமல் இவரைத் தேடிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். இவர் கை அழுத்தமாகவும் தெளிவாகவும் பேசும் என்பார்கள். மூன்று என்றால் மூன்று. விரலில் தடுமாற்றம் இருக்காது.

அறுபதாம் வருஷம் பங்குனியில் ஒரு காலை, தென்காசியில் ஸ்டேஷனுக்குப் பக்கத்து டீக்கடையில் கிளாசைக் கையில் வாங்கினார். கிளாஸ் கையில்தான் இருந்தது, சூடு தெரியவில்லை. ஆறின டீயைக் கொடுத்திருக்கிறாயே என்று கடைக்காரனைத் திட்ட வாயெடுத்தார். வந்தது ஏதோ ஒரு சத்தம். முதலில் கிளாஸ் விழுந்தது, பிறகு அவர்.

வலது கையும் காலும் போயின. பேச்சும் பாதி போயிற்று. பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிருக்குப் பயமில்லை என்று தெரிந்ததும், ஒரு மலையாளத்து நர்ஸம்மா வந்து அவரைத் தூக்கி உட்கார வைத்து, ஒரு தட்டில் கோலிக்குண்டுகளைக் கொட்டி, எடுத்து அடுத்த தட்டில் போடச் சொன்னாள். காளைமாட்டின் திமிலைப் பிடித்து அடக்கிய கைக்குக் கோலிக்குண்டு. தரகருக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. திட்ட வார்த்தைதான் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் மனிதர்களின் பெயர் எதுவும் அவருக்கு நாக்கில் வராது. எல்லோரும் அண்ணாச்சி. நர்ஸம்மாவும் அண்ணாச்சி. அவள் தினமும் திருத்துவாள்: "அண்ணாச்சி இல்லா, சிஸ்டர்." அவர் தலையை ஆட்டிவிட்டு, "செரி அண்ணாச்சி" என்பார்.

அவள் சொன்ன ஒன்றை மட்டும் இன்றைக்கும் அவள் குரலிலேயே சொல்லிக்காட்டுவார். "கையச் சும்மா வைக்கண்டா, கேட்டோ. வேலை கொடுக்காத கை மறந்துபோகும்." தலைக்குள்ளே கெட்டுப்போன இடம் கெட்டதுதான், ஆனால் பக்கத்து இடத்துக்கு அந்த வேலையைப் பழக்கலாம், ஒரு தடவை இரண்டு தடவை செய்தால் போதாது, சலிக்காமல் செய்ய வேண்டும் என்று அவள் விளக்கியிருக்கிறாள். தரகர் அதைத் தம் வழியில் புரிந்துகொண்டார். "வண்டிமாடு விழுந்துட்டுன்னா ஏர்மாட்ட வண்டிக்குப் பழக்குவோம்லா. மொதல்ல கோணக்கோண இழுக்கும். அடிச்சா வராது, பைய நடத்தணும்."

ஆனியில் சாரல் விழுந்ததும் குற்றாலத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினார்கள். அவர் மனைவி ஜாஹிரா பீவியின் ஏற்பாடு அது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற பிச்சையா என்பவர் காலையில் அறைக்கே வந்து, தொடையிலிருந்து பாதம் வரைக்கும் வழித்துவிட்டு, "எந்திரியும் பாய், நடப்போம்" என்று தம் தோளைக் கொடுத்து அருவிக்கு நடத்திக்கொண்டு போவார். ஈரப் பாறையில் நடக்கும்போது கால் தானாக எச்சரிக்கையாகிறது என்பது பிச்சையாவின் கணக்கு. ஆண்கள் பக்கத்துக்குப் பெண்கள் வரக்கூடாது என்பதால், ஜாஹிரா பீவி மாற்றுத் துணியோடு மண்டபத்துத் தூணருகே நின்று, தலைகளுக்கு நடுவே எந்தத் தலை தன் வீட்டுக்காரருடையது என்று தேடிக்கொண்டிருப்பார். ஆவணி பிறந்து ஊர் திரும்பும்போது தரகர் தடியூன்றி நடந்தார். பாதத்தைக் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். பேச்சும் பெரும்பாலும் வந்துவிட்டது. கால் கொடுத்தது யார் என்பதில் மட்டும் வழக்குத் தீரவில்லை. பிச்சையா அருவித் தண்ணீர் என்கிறார். ஜாஹிரா பீவி பொட்டல்புதூர்ப் பள்ளிவாசலில் நேர்ந்துகொண்டது என்கிறார். நர்ஸம்மாவைக் கேட்டால் அவள் ஒன்று சொல்வாள். எனக்குத் தெரிந்தது மாட்டு வைத்தியம். 

கை மட்டும் வேறு விதமாக வந்தது. துவண்டு கிடந்த கை, கொஞ்சம் கொஞ்சமாக இறுக ஆரம்பித்தது. பிடிக்கச் சொன்னால் பிடிக்கும். விடச் சொன்னால் விடாது. கொட்டாவி விட்டால் அவர் கேட்காமலே மடங்கி நெஞ்சுக்கு ஏறிவிடும். கோபம் வந்தால், திடீரென்று சத்தம் கேட்டால், ஒரே இறுக்கு. அப்போதுதான் அதற்கு மருமகன் என்று பெயர் வந்தது. இடது கையால் தொழிலைப் பார்க்கலாமே என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "பீச்சாங்கையத் துண்டுக்குள்ள நீட்டினா மாடே சிரிக்கும்வே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அடுத்த தை மாதம் சந்தைக்கு வந்தார். கூட்டமே எழுந்து நலம் விசாரித்தது. அச்சன்புதூர்ச் சுந்தரபாண்டியன், வயலும் வாய்க்காலும் உள்ள சம்சாரி, ஒரு ஜோடி உழவு மாடு வேண்டும் என்று அவரிடமே வந்தார். ராயகிரியிலிருந்து சுடலைமாடன் என்பவர் சாம்பல் நிற மயிலை மாடு ஒன்றும் சிவந்த செவலை மாடு ஒன்றும் ஓட்டிவந்திருந்தார். நல்ல ஜோடி. தரகர் அன்று கத்தவில்லை, தட்டவில்லை. மருதமரத்தடியில் உட்கார்ந்து விரல்களை நிமிர்த்திக்கொண்டு எழுந்து போனார். துண்டுக்குள்ளே சுந்தரபாண்டியன் காட்டியது மூன்று. இது எனக்குப் பிறகு தெரிந்தது, ஊருக்கே தெரிந்தது.

சுடலைமாடனின் கையைப் பிடித்துத் துண்டைப் போட்டார். இரண்டில் தொடங்கியிருக்க வேண்டும். சுடலைமாடன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தரகர் மூன்றாவது விரலைச் சேர்க்கிற நேரம், பின்னால் ஒரு காளை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிற்று. பத்துப்பேர் ஒரே குரலில் கத்தினார்கள். தரகரின் கை சுடலைமாடனின் ஐந்து விரலையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தது.

சுடலைமாடன் தரகரின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "படிஞ்சுது" என்றார். "கைய விடும் பாய்."

கை விடவில்லை. சுடலைமாடன் இழுத்தார். தரகர் இடது கையைத் துண்டுக்குள் கொண்டுபோனார். அந்த இழுப்பில் துண்டு நழுவித் தரையில் விழுந்தது. துண்டுக்குள் நடப்பதை அந்தச் சந்தை அதற்குமுன் பார்த்ததில்லை. ஒரு முரட்டுக் கை இன்னொரு கையை முழுதாகக் கவ்விக்கொண்டிருக்கிறது. ஒரு மனிதர் குனிந்து தம் விரல்களைத் தாமே ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார். நெற்றி வேர்த்து ஒழுகுகிறது. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நானும் நின்றேன். பார்க்காமல் திரும்பிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதே தவிர, நான் திரும்பவில்லை. யாருமே திரும்பவில்லை.

சுந்தரபாண்டியன் நல்ல மனிதர். "பாய், நான் காட்டினது மூணுல்லா. ஒடம்பு செரியில்லாத கை, எல்லாருக்கும் தெரியும். நோவுன்னு ஒரு வார்த்த சொல்லிப்போடும். யாரு தப்பாச் சொல்லப்போறா?" என்றார்.

யாரும் தப்பாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். சுடலைமாடனும் பேசாமல்தான் நின்றார். தரகர் குனிந்து துண்டை எடுத்து உதறி, தோளில் போட்டுக்கொண்டார்.

"கை சொல்லிட்டு. அஞ்சுதான். இந்த ஜோடி எனக்கு."

மாடுகளைப் பின்னால் கட்டிய வண்டியில் அவரை ஏற்றிவிடும்போது, எதற்காக இப்படி என்று கேட்டேன். நான் கேட்டது தொழில் தெரியாதவனின் கேள்வி. அவர் பொறுமையாகவே சொன்னார். "இன்னைக்கி சொன்னது நானில்ல, நோவுன்னு சொல்லிருதேன்னு வைங்க. நாளைக்கி நான் மூணு சொன்னாலும், இது பாய் சொல்லுதாரா, நோவு சொல்லுதான்னு கேப்பானா மாட்டானா? அப்புறம் எவன் அண்ணாச்சி கை நீட்டுவான்?"

காலமெல்லாம் மாடு வாங்கிக் கொடுத்தவர் வீட்டில் அதுவரை மாடு நின்றதில்லை. கூரைக்கு ஓடு மாற்ற வைத்திருந்த பணம் அந்த ஜோடிக்குப் போயிற்று. அந்த வருஷச் சாரலில் வீட்டுக்குள் மூன்று இடத்தில் பாத்திரம் வைத்திருந்தார்கள். செவலைக்குக் கழுத்தில் நுகத்தடிப் புண் என்று மருந்து போடப் போனபோது நானே பார்த்தேன். ஜாஹிரா பீவி என்னிடம், "ஊருக்கெல்லாம் மாடு பிடிச்சிக் குடுத்தாவ. இப்பம் மாடு இவுகளப் பிடிச்சிக்கிட்டு" என்றார். குறையாகச் சொன்னாரா, கேலியாகச் சொன்னாரா என்று கண்டுபிடிக்க முடியாத குரல் அவருக்கு.

கொல்லையில் தரகர் மயிலைக்கு முன்னால் குந்தியிருந்தார். வலது கையில் ஈரத் தவிட்டை அள்ளியிருந்தார். அள்ளியது சரி, கை மூடிக்கொண்டது. மயிலை காத்திருக்கிற ஜாதி இல்லை. மூடிய விரல்களை நக்கத் தொடங்கியது. மாட்டு நாக்கின் சொரசொரப்பு தெரிந்தவர்களுக்குத் தெரியும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கு, மறுபடி மணிக்கட்டிலிருந்து. தரகர் ஒன்றும் செய்யவில்லை. கொஞ்ச நேரத்தில் பெருவிரல் விலகியது. பிறகு மற்றவையும் ஒன்றன்பின் ஒன்றாக நெகிழ்ந்தன. இடது கை ஒத்தாசைக்கு வராமல் அந்தக் கை திறந்ததை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "இவரு பேச்ச மருமவன் கேக்காரு பாத்தியளா" என்றார்.

மாடு இருந்தால் வேலை இருக்கும். வைக்கோலைச் சுருட்டி முதுகு தேய்க்க வேண்டும். கயிறு முறுக்க வேண்டும். முடிச்சுப் போட வேண்டும், அவிழ்க்க வேண்டும். கோலிக்குண்டுத் தட்டை ஒதுக்கித் தள்ளலாம், பசித்த மாட்டை முடியாது. சாயங்காலம் சிற்றாற்றுக்கு ஓட்டிக்கொண்டு போவார். ஒரு நாள் செவலை எதையோ கண்டு மிரண்டு ஓட, கயிற்றை விட மாட்டேன் என்று கை அடம்பிடிக்க, தரகரை ஒரு வயலின் பாதி வரைக்கும் நாற்றோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது. சேற்றோடு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து ஜாஹிரா பீவி அழுதாராம். அதை அந்த அம்மாளே பிறகு சொன்னார். சொல்லும்போது சிரித்தார்.

ஆனால் அன்றைக்கு இரவே ஜாஹிரா பீவி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். கை விடப் பழக வேண்டியது மாட்டிடம் மட்டும் இல்லை என்று அவருக்குப் பட்டிருக்கிறது. மறுநாள் மத்தியானம், சிவப்புத் துண்டை எடுத்துக்கொண்டு வந்து வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்தார். தரகர் திகைத்துப்போனார். "என்ன இது, வயசு காலத்துல?"

"நான் மாடு விக்கேன். நீங்க வெல பேசுங்க."

முருங்கைக்காய்க்காரியையே அழவைத்து அனுப்புகிற அம்மாள் அவர். விரல் கணக்கைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். அதன்பிறகு அந்த வீட்டில் தினமும் இல்லாத மாடு விலை போயிற்று. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப்பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு போவதை அவர் சட்டை செய்யவில்லை. சாதாரணமாகப் பேசிக்கொண்டே இருப்பார். தரகர் மூன்றாவது விரலைப் பிடிக்கிற நேரம் பார்த்து, மடியில் வைத்திருந்த பித்தளைத் தாம்பாளத்தை இடது கையால் தரையில் போடுவார். கை இறுகும். "அஞ்சு. போச்சு போங்க. மொதல்லேருந்து வாங்க" என்பார். தாம்பாளத்தின் விளிம்பு நெளிந்துபோயிருந்தது. நான் ஒரு தடவை அங்கே உட்கார்ந்திருக்கும்போது அது விழுந்தது. நான் துள்ளிவிட்டேன். தரகர் கையைத் துண்டோடு என் பக்கம் நீட்டிக் காட்டினார். துண்டை ஜாஹிரா பீவி விலக்கினார். மூன்று விரல்தான் பிடியில் இருந்தது. ஆனால் விடுவதற்கு நேரமாயிற்று. விடு என்று அவர் நினைத்ததற்கும் கை விட்டதற்கும் நடுவே, ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்கிற நேரம் இருந்தது. அந்தத் தாமதம் மட்டும் அதன்பிறகும் குறையவில்லை. பாளையங்கோட்டைக்குப் போய்க் காட்டியதற்கு, இவ்வளவு வந்ததே பெரிது என்று நர்ஸம்மா சொன்னாளாம். இந்தத் தடவை அவளைச் சரியாக, சிஸ்டர் என்று கூப்பிட்டிருக்கிறார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது என்று ஜாஹிரா பீவி சொன்னார்.

மறுபடி சந்தைக்கு வரத் தொடங்கினார். வாரம் தவறாமல் காலை ரயிலில் இறங்குவார். மருதமரத்தடியில் உட்காருவார். சுண்டுவிரலில் தொடங்கிப் பெருவிரலில் முடிப்பார். எழுந்து நிற்பார். அவ்வளவுதான்.

யாரும் கை நீட்டவில்லை.

மரியாதைக்குக் குறைவில்லை. டீ வாங்கிக் கொடுப்பார்கள். மாட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்லச் சொல்வார்கள், சொல்வார். சுழி கேட்பார்கள், அதுவும் சொல்வார். "வாரேன் பாய்" என்று சொல்லிவிட்டு, அவர் கண்ணெதிரே வேறு தரகரின் துண்டுக்குள் கையை விடுவார்கள். அவரை அவர்கள் சந்தேகப்படவில்லை. சத்தியவான் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அவர் கைக்குள் மாட்டிக்கொண்டு, சந்தையே வேடிக்கை பார்க்கக் கையை இழுத்துக்கொண்டு நிற்க யாருக்கும் மனம் இல்லை. அது கெட்ட மனசு என்றும் சொல்வதற்கில்லை. அவரைச் சந்தி சிரிக்க வைக்க வேண்டாம் என்றும் சிலர் நினைத்திருக்கலாம். எப்படியானாலும் அவருக்கு விளைவு ஒன்றுதான். நடக்கிறார், பேசுகிறார், தம் சோற்றைத் தாமே பிசைந்து சாப்பிடுகிறார். ஆனால் சந்தையில் அவர் இன்னும் நோயாளிதான். "ஆஸ்பத்திரியில விட்டுட்டாவ. சந்தைல விட மாட்டேங்காவ" என்று ஒரு தடவை சொன்னார்.  மயிலையும் செவலையும் சுந்தரபாண்டியனின் வயலையே கூலிக்கு உழுதுகொண்டிருந்தன. வீடு அதில் ஓடியது.

அடுத்த வருஷம் ஆடியில் ஒரு சந்தை நாள், ராயகிரிச் சுடலைமாடன் என்னிடம் ஊசிக்கு ஒரு காளையைக் கொண்டுவந்தார். ஒற்றைக் காளை, விற்பனைக்கு. ஊசி போட்டு முடித்ததும் அவரிடம் கேட்டேன், அன்றைக்கு அந்தக் கை தானாக இறுகியது அவருக்குத் தெரியாதா என்று.

"தெரியாம என்ன? பிடிச்ச உடனே தெரிஞ்சிட்டு. வெல சொல்லுத பிடி வேற, அது வேற."

"தெரிஞ்சுமா படிஞ்சுதுன்னு சொன்னீங்க?"

அவர் காளையின் கழுத்தைத் தடவிக்கொண்டே யோசித்தார். "நோவுன்னு அவரு ஒரு வார்த்த சொல்லியிருந்தா மூணுக்கே குடுத்திருப்பேன். சொல்லுவாருன்னுதான் நின்னேன். அவரு சொல்லல்ல. அதுக்கப்புறம் நான் வேண்டாம்னு சொன்னா, அது அவரு கையத் தட்டிவிட்ட மாதிரி ஆயிரும்லா."

இதில் எவ்வளவு நியாயம், எவ்வளவு சமாதானம் என்று எனக்குத் தெரியவில்லை. வாங்கிய பணத்தை அவர் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. காளையை ஓட்டிக்கொண்டு போனார். வாசல் பக்கம் இரண்டு தரகர்கள் கூப்பிட்டார்கள், நிற்கவில்லை. மருதமரத்தடியில் போய் நின்றார்.

பரீது தரகர் அப்போதுதான் விரல் நிமிர்த்தி முடித்திருந்தார். காளையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். பல்லைப் பார்த்தார். சுடலைமாடன் சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டு வலது கையை நீட்டினார்.

பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நெருங்கி வந்தார்கள். தரகர் சற்று நேரம் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தம் கையைக் கொடுத்தார். துண்டு விழுந்தது. துணிக்கு அடியில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, தெரியக் கூடாது. இரண்டு தடவை சுடலைமாடன் தலையை ஆட்டினார். ஒரு தடவை தரகர் உச்சுக் கொட்டினார். எங்கோ ஒரு வண்டிக்காரன் அதட்டினான். நான்தான் திரும்பிப் பார்த்தேன். தரகரின் தோள் அசையவில்லை.

"படிஞ்சுது" என்றார் சுடலைமாடன்.

படிந்துவிட்டால் கையை எடுத்துவிட வேண்டியதுதான். இரண்டு பேரும் எடுக்கவில்லை. துண்டு அப்படியே கிடந்தது. தரகரின் உதடு அசைந்தது, கையிடம் ஏதோ நல்ல வார்த்தை சொல்கிறார் போல. இடது கை பாதி தூரம் வந்து, நின்று, திரும்பிப் போயிற்று. சுற்றி நின்றவர்களின் கண்ணெல்லாம் அந்தச் சிவப்புத் துணிமேல் இருந்தது.

சுடலைமாடன் முகத்தைத் திருப்பி மலைப் பக்கம் பார்த்தார். "மேக்க கருத்துக்கிட்டு வருது. ராயகிரிக்கு இந்த மழ எட்டுமான்னு தெரியல்ல" என்றார். "எங்க பக்கம் வருசா வருசம் இப்பிடித்தான் பாய். இங்கன ஊத்தும், அங்கன தூறலோட போயிரும்."

"ஆமா" என்றார் தரகர்.

"போன வருசம் கெணத்துல தண்ணியே இல்ல, கேட்டேளா."

காற்று அடித்தது. துண்டின் ஒரு ஓரம் நழுவி, தரகரின் மணிக்கட்டு தெரிந்தது. சுடலைமாடன் பேச்சை நிறுத்தாமல், மலையிலிருந்து கண்ணையும் எடுக்காமல், இடது கையால் அந்த ஓரத்தை இழுத்து மூடிவிட்டு, கிணற்றைப் பற்றித் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்.